என்னை எழுப்பி நிறுத்திய இரண்டு பெண்கள்

பிரேக்கை மிதித்தேன், வேன் நின்றது. ஆனால் மிதித்தது எனக்குத் தெரியவில்லை. செருப்புக்குள் யாரோ கனத்த பஞ்சை வைத்துத் தைத்துவிட்டதைப் போல இருந்தது.

நான் லூனாஸ் என்ற ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பெயர் அமுதா, வயது ஐம்பத்து மூன்று. செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய வீடுகளிலிருந்து காலையில் பதினான்கு பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் விடுவேன். மதியம் திரும்ப ஏற்றி அவரவர் வாசலில் இறக்கிவிடுவேன். அன்று காலை பிள்ளைகளை எப்படியோ பள்ளிக்குள் அனுப்பிவிட்டு, வேனைச் சாலையோரம் நிறுத்தி, என் கணவர் செல்வத்துக்குப் போன் செய்தேன்.

"கால் மரத்துப் போச்சுங்க. மதியம் பிள்ளைங்கள ஏத்த எனக்குத் தைரியம் இல்ல."

அவர் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். எதைச் சொன்னாலும் முதலில் பயப்பட மாட்டார். "நரம்பு பிடிச்சிருக்கும் லா. எண்ணெய் தேய்ச்சுக்கிட்டுப் படு. நான் வேற ஆள் ஏற்பாடு பண்றேன்," என்றார்.

தேய்த்தேன். மறுநாள் முழங்கால் தானாக மடங்கியது. மூன்றாம் நாள் குளியலறையில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. வாளியின் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தேன். விரல்களால் அதையும் பிடிக்க முடியவில்லை. செல்வம் என்னைத் தூக்கிக் காடியின் பின் இருக்கையில் போட்டுக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்கு ஓட்டினார். வழியில் அவர் எண்ணெயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மருத்துவர் ஓர் இளம் மலாய்ப் பெண். முழங்காலில் ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவேண்டும், துள்ளவில்லை. "ரெண்டு வாரத்துக்கு முன்னால வயித்துப்போக்கு இருந்துச்சா?" என்று மலாயில் கேட்டார். இருந்தது. மூன்று நாள் இருந்து, போய்விட்டது. அதற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களுக்குப் புரியவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். வயிற்றுக்குள் வந்த கிருமியை விரட்ட உடம்பு தன் காவல்படையை அனுப்பியிருக்கிறது. கிருமி செத்தபிறகும் அந்தப் படை ஓயாமல், ஆள் தெரியாமல், என்னுடைய நரம்புகளின் மேலுறையையே தாக்கிக்கொண்டிருக்கிறது. இதற்குக் கில்லன் பாரே நோய் என்று பெயர். பாதத்தில் தொடங்கும், மேலே ஏறும், எங்கே நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நான் பயத்தில் உறைந்திருந்தேன். செல்வம் மட்டும் முன்னால் சாய்ந்து கேட்டார். "டாக்டர், வயர் மேல இருக்கிற ரப்பர் உரிஞ்சு போச்சு. உள்ள செம்பு நல்லா இருக்கு. அப்படித்தானே?"

"பெத்துல், என்சிக்," என்றார் மருத்துவர், சரிதான் ஐயா என்று. அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

"அந்த ரப்பர் திரும்ப வளருமா?"

"வளரும். ரொம்ப மெதுவா."

"அப்ப பழுதுபார்க்கக்கூடிய கேஸ்," என்று செல்வம் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். அன்று அந்த அறையில் எனக்குக் கிடைத்த முதல் மருந்து அதுதான்.

அதன்பின் சோதனைகள். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க, "இறால் மாதிரி சுருண்டு படுங்க" என்றார்கள். சுருண்டேன். ஊசி போனது வலித்தது. ஆனால் நான் நினைத்துப் பயந்த அளவுக்கு இல்லை. அடுத்தது நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும் சோதனை. சுள்சுள்ளென்று சின்ன அதிர்ச்சிகள் கொடுத்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, என் கணவர் அந்தக் கருவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அதை இயக்கியவரிடம் எத்தனை வோல்ட் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனைக்குக் கருவியே கிடையாது. மூச்சை ஒரு தடவை நன்றாக இழுத்து, அந்த ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பார்கள். நோய் நெஞ்சுத் தசைகளுக்கு ஏறுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். முதல் நாள் இருபத்தேழு வரை எண்ணினேன். மறுநாள் இருபது. அடுத்த நாள் பதினாறு. "பத்துக்குக் கீழ போனா தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல வைக்கணும்," என்று மருத்துவர் செல்வத்திடம் சொன்னது எனக்கும் கேட்டது.

எண்களைச் சொல்ல எனக்குப் பயமாகிவிட்டது. ஒவ்வொரு எண்ணும் என்னைப் பத்தை நோக்கித் தள்ளுவதாகத் தோன்றியது. அதனால் தாதியிடம், "நம்பர் வேணாம் மிஸ்ஸி. என் வேன் பிள்ளைங்க பேரச் சொல்றேன். நீங்க விரல்ல எண்ணிக்கங்க," என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். பிள்ளைகள் ஏறும் வரிசையில், தோட்டத்து முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். பதினோராவது பெயரோடு மூச்சு முடிந்தது. மூன்று பேர் இன்னும் ஏறவில்லை.

அந்தப் பதினொன்றில் இரண்டு நாள் நின்றேன். அதற்குள் கையில் மருந்து ஏறத் தொடங்கியிருந்தது. பல பேர் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நோய் எதிர்ப்புப் பொருள் அது. ஐந்து நாளுக்கு ஏற்றுவார்கள். போத்தலிலிருந்து சொட்டுவதைச் செல்வம் பார்த்துக்கொண்டே இருப்பார். "எத்தனை பேர் சேர்ந்து உன்னைத் தூக்குறாங்க பாரு," என்பார்.

மருந்து ஏறத் தொடங்கிய நான்காம் நாள் பன்னிரண்டு. ஐந்தாம் நாள் பதிமூன்று. ஏழாம் நாள் காலை பதினான்கு பிள்ளைகளையும் ஏற்றி, மிச்ச மூச்சில் பள்ளித் தோட்டக்காரர் பெயரையும் சொல்லிவிட்டேன். மிஸ்ஸி கைதட்டினார். எதற்கென்று தெரியாமலே பக்கத்துக் கட்டில் அம்மாவும் தட்டினார்.

அந்த வாரங்களில் என் கணவர் தலைப்பின்னல் கற்றுக்கொண்டார். கைகள் எழாததால் என் தலைமுடி சிக்கலாகிக் கிடந்தது. வேலை முடிந்து வந்ததும் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முதல் பின்னல் கயிற்றைவிட மோசம். மிஸ்ஸி இரண்டு தடவை அவிழ்த்துக் காட்டிக் கொடுத்தார். ஐந்தாவது வாரம் நான் வீட்டுக்குக் கிளம்பியபோது அவர் பின்னல் நேராக வந்தது. நான்தான் நிற்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்தேன்.

உயிர் தப்பியாகிவிட்டது. ஆனால் வீட்டில் யார் பார்ப்பது? செல்வத்தின் விடுப்பு தீர்ந்திருந்தது. ஒரே மகள் கவிதா குவாந்தானில் பல்கலைக்கழகக் கடைசி ஆண்டு. "நான் ஒரு செமஸ்டர் நிறுத்திட்டு வரேம்மா," என்றாள். "வந்தா உன்ன வேன்ல ஏத்தித் திருப்பி அனுப்புவேன்," என்றேன். "நீ எப்படி வேன் ஓட்டுவ?" என்று சிரித்தாள். பிறகு அவளே தேடி, சுங்கை பட்டாணியில் இருந்த ஒரு வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தைப் பிடித்தாள். பகலில் ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடானது.

அப்படி வந்தவள்தான் ராணி. நாற்பத்தைந்து வயது. செர்டாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்து, இடுப்பு வலி வந்ததால் இந்த வேலைக்கு மாறியவள். வாசலில் நுழையும்போதே, "அக்கா, இனிமே நீங்க ஒன்னுக்கும் கவலப்படக்கூடாது," என்றாள். எனக்குப் பிடித்த மாதிரி ரசம் வைத்தாள். பழைய பாட்டுகளைப் பாடிக்கொண்டே துணி மடித்தாள். என்னைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, "என் கழுத்தக் கட்டிப் பிடிச்சுக்குங்கக்கா," என்று சொல்லி ஒரே தூக்காகத் தூக்குவாள். ஒரு நாள் கால் இடறி இருவரும் மெத்தையில் விழுந்து கிடந்து சிரித்தோம். மாத்திரைகளை ஞாபகத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பாள். எனக்கு அவள்மேல் உயிர். அவள் வந்த மூன்றாவது வாரம், உடற்பயிற்சி மருத்துவர் என் கால்களை அழுத்திப் பார்த்து, "அடுத்த வாரம் நிக்க வெச்சுப் பார்க்கலாம்," என்றார். ராணி அன்று கோயிலுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

நிற்கப்போகிற கால் வலுவாக இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒரு மதியம் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெந்நீர் கொதிக்கவைத்தாள். பேசினில் ஊற்றித் தன் கையை விட்டுப் பார்த்தாள். தோட்டத்தில் காய்ச்சுப்போன கை அது. என் பாதங்களை அதில் வைத்தாள்.

"சூடு பத்துதாக்கா?"

"ஒன்னும் தெரியல ராணி. இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினாள். நான்தான் ஊற்றச் சொன்னேன். என் பாதங்கள் மரத்திருந்தன. அவற்றுக்குச் சூடு தெரியாது என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை வலது பாதத்தில் பெரிய கொப்புளங்கள். ராணி பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணனுக்குச் சொல்லிடாதீங்கக்கா. என் வேல போயிடும்," என்று அழுதாள். நான் சொல்லவில்லை. கற்றாழை தடவித் துணி சுற்றினாள். இரண்டு நாள் சாயங்காலம் செல்வம் வீட்டுக்கு வரும் நேரத்தில் போர்வையைக் காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்வையை விலக்கினார்.

கிளினிக்கில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார்கள். சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஆழமாகப் போகவில்லை, பிழைத்தீர்கள் என்றார் மருத்துவர். ஆனால் மூன்று வாரம் அந்தக் காலை ஊன்றக்கூடாது. நிற்பது தள்ளிப்போனது. நான் அழுதது அந்த நோய் முழுவதிலும் அன்று ஒரு நாள்தான்.

செல்வம் நிறுவனத்துக்குப் போன் செய்து பேசியதை இங்கே எழுத முடியாது. ராணியை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து மரியம் வந்தார்.

கூலிம்காரர், தமிழ் முஸ்லிம். மருத்துவமனையில் பல வருடம் தாதி உதவியாளராக இருந்து ஓய்வு பெற்று, இந்த நிறுவனத்தில் புதியவர்களைப் பழக்குபவர். முகத்தில் சிரிப்பே இல்லை. கதவு திறந்திருந்தும் வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டார். வந்ததும் நேராகக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். அவ்வளவு நேரம் யாரும் கை கழுவி நான் பார்த்ததில்லை.

"உங்கள எப்படிக் கூப்பிடணும்?"

"அக்கானு கூப்பிடுங்க."

"எனக்கு அம்பத்தொம்பது. உங்கள விடப் பெரியவ. பேர் சொல்லிக் கூப்பிடலாமா?"

சரி என்றேன். இந்த அம்மாவோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"அமுதா, இப்ப உங்க வலது காலத் தொட்டு, கட்டுப் பிரிச்சுப் பார்க்கணும். பார்க்கலாமா?"

இரண்டு மாதங்களுக்கு மேலாக எத்தனையோ கைகள் என்னைப் புரட்டின, தூக்கின, துடைத்தன. எல்லாம் என் நன்மைக்காகத்தான். ஆனால் இது என் கால் என்பதையே நான் மறந்திருந்தேன். "பாருங்க," என்றேன். அவர் மெதுவாகக் கட்டைப் பிரித்தார்.

பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சக்கர நாற்காலியின் ஒரு பிரேக் பிடிக்கவில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர். தீபாவளிக்கு வாங்கிய பூப்போட்ட கால்விரிப்பைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டார். மின்விசிறி வயர் நடைவழியில் கிடந்தது. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் எனக்கென்று தொடங்கிய கோப்பில் ஒரு தாளில் எழுதிச் செல்வத்திடம் நீட்டினார்.

"தம்பி, இதெல்லாம் சரி பண்ண எத்தன நாள் ஆகும்?"

என் கணவர் அந்தத் தாளைப் படித்தார். மனைவி இரண்டு மாதங்களுக்கு மேலாகப் படுத்திருக்க, தன் கையால் சரிசெய்யக்கூடிய ஒன்றுமே இல்லாமல் தவித்தவர் அவர். "நாளைக்கே," என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் துளைபோடும் சத்தம். குளியலறைச் சுவரில் இரும்புக் கம்பிகள் ஏறின. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, என் முழங்கையின் உயரத்தை அளந்து, அந்த அளவுக்கு வைத்தார். கடைசியில் தானே கம்பியில் தொங்கிப் பார்த்து, "என் வெயிட்டையே தாங்குது," என்றார். அன்றைக்குத்தான் அவர் பழையபடி விசிலடித்தார்.

மறுநாள் மரியம் அக்கா ஒரு படிவத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னிக்கு நடந்தத எழுதணும். யார் மேல தப்புன்னு எழுத வேணாம். யாருக்கு என்ன தெரியாமப் போச்சுன்னு சொல்லுங்க."

சொல்லச் சொல்ல எனக்கே புரிந்தது. மருத்துவமனைக் கடிதத்தில், நோயாளியின் பாதங்களில் உணர்வு இல்லை, சூடு படக்கூடாது என்று தெளிவாக இருந்தது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. ராணிக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும். நிறுவனம் அவளுக்குக் கொடுத்தது என் முகவரியும் வரவேண்டிய நேரமும் மட்டும்தான். நானோ அந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாமல் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். அவள் அன்பாக இருந்தாள் என்பதால் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

"என்ன மாறணும்னு நினைக்கிறீங்க?" என்று படிவத்தின் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"எந்த வீட்டுக்கு ஆள் அனுப்பினாலும், அந்த நோயாளிக்கு எது ஆகும் எது ஆகாதுன்னு, போறவங்களுக்குத் தெரிஞ்ச பாஷையில எழுதிக் கொடுக்கணும். அப்புறம்," என்று நிறுத்தினேன். "ராணி திரும்ப வரணும். நீங்க பக்கத்துல இருந்து பழக்கணும்."

மரியம் அக்கா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

செல்வம் ஒத்துக்கொள்ளவில்லை. "உனக்கு என்ன பைத்தியமா? காலப் பொசுக்கினவள திரும்பக் கூப்பிடுறியா?" மூன்று நாள் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போனார். நான்காம் நாள் காலை, நான் சொன்னதை மரியம் அக்கா மூலம் கேள்விப்பட்டு, ராணியே பஸ் ஏறி வந்துவிட்டாள். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடி அவரிடம்தான் பேசினாள்.

"அண்ணே, தெரியாமச் செஞ்சது ஒன்னு. ரெண்டு நாள் உங்ககிட்ட மறைச்சது ஒன்னு. முதலாவதுக்கு அக்கா என்னை மன்னிச்சிட்டாங்க. ரெண்டாவதுக்கு நீங்கதான் மன்னிக்கணும்."

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறைத்ததில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் கேட்டின் கொண்டியை எடுத்துவிட்டார்.

"பசியாறிட்டியாம்மா?" என்றார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் போல எங்கள் வீடு கலகலப்பாக இருந்ததே இல்லை. கூடமே வகுப்பறையாயிற்று. கழுத்தைக் கட்டித் தூக்குவது தூக்குபவரின் இடுப்பையும் கெடுக்கும், நோயாளியின் தோளையும் கெடுக்கும் என்று மரியம் அக்கா சொன்னார். "உன் இடுப்பு வலிக்கு மருந்து உன் கையிலதான் இருக்கு, ராணி. தூக்காத. அவங்கள எழ வை." நோயாளியின் இடுப்பில் கட்டும் அகலமான பட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் பிடித்துக்கொண்டால் விழாமல் தாங்கலாம். என்மேல் பழகுவதற்கு முன்னால் வேறு யார்மேலாவது பழகவேண்டும். வீட்டில் அன்று வேறு யாரும் இல்லை. செல்வம் கட்டிலில் படுக்கவைக்கப்பட்டார்.

"முதல்ல என்ன செய்யணும்?" என்றார் மரியம் அக்கா.

"கை கழுவியாச்சு. நாற்காலி பிரேக் போட்டாச்சு." ராணி குனிந்தாள். "அண்ணே, எழுப்பலாமா?"

"வேணாம்," என்றார் செல்வம்.

ராணி திகைத்து மரியம் அக்காவைப் பார்த்தாள்.

"அவர் வேணாம்னா என்ன செய்யணும்?" என்றார் மரியம் அக்கா.

"எழுப்பக்கூடாது."

"அப்புறம்?"

"ஏன்னு கேக்கணும். அண்ணே, ஏன் வேணாம்?"

"வெக்கமா இருக்கு லா," என்றார் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு. சாகும்வரை இதைச் சொல்லிக் காட்டலாம் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் நாற்காலி அதிர்ந்தது. மரியம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி சரியாத்தான் சொல்றாரு. எல்லா நோயாளிக்கும் அதான் பிரச்சன," என்று ராணிக்கு விளக்கினார்.

கோப்பின் முதல் பக்கத்தைத் தமிழில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டினார்கள். தொடுவதற்கு முன் கேட்கவேண்டும். பாதத்தில் உணர்வு இல்லை, வெந்நீர் கூடாது. சாப்பிடும்போது நிமிர்ந்து உட்காரவேண்டும், ஏனென்றால் விழுங்கும் தசைகள் இன்னும் பலவீனம். தினம் முதுகும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சிவப்புதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். மாத்திரை கொடுத்ததும் கட்டத்தில் கையெழுத்து. ராணி ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டங்களை அழகாக நிரப்பினாள். கூடவே அவள் பாட்டும் ரசமும் தொடர்ந்தன. மரியம் அக்கா அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாள் அவரே இன்னொரு கிண்ணம் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கால் புண் ஆறியது. உடற்பயிற்சி மருத்துவர் தலையசைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை, ராணி முன்னால் பட்டையைப் பிடித்து நிற்க, மரியம் அக்கா பக்கத்தில் நிற்க, என் கட்டிலோரத்தில் நான் எழுந்து நின்றேன். இரண்டு கால்களும் வாழைத்தண்டு போல நடுங்கின. ராணியின் முகம் என் முகவாய்க்கு நேரே இருந்தது. நான் அவளைவிட உயரம் என்பதே அன்றுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

"அக்கா, நீங்க இவ்வளவு நெட்டையா?" என்றாள்.

மறுவாரம் நடைச்சட்டத்தைப் பிடித்து நான்கு அடி. பிறகு அடுக்களை வரை. பிறகு வாசல் வரை. கவிதா பரீட்சை முடிந்து வந்தபோது நானே போய்க் கதவைத் திறந்தேன். அவள் பையைக் கீழே போட்டுவிட்டு, கட்டிப்பிடிக்க ஓடிவந்தாள். இரண்டடி முன்னால் சட்டென்று நின்றாள். அடுக்களைக் கதவில் ஒட்டியிருந்த தாளின் புகைப்படத்தை ராணி அவளுக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கிறாள்.

"அம்மா, கட்டிப் பிடிக்கலாமா?"

"கேட்டுக்கிட்டே நிக்காத, வா," என்றேன்.

கால் விரல்களில் இன்னும் கொஞ்சம் மரப்பு இருக்கிறது. அது போக ஒரு வருடம்கூட ஆகலாம் என்கிறார்கள். வலி நடு நடுவே வரும். மாடிப்படியைக் கண்டால் இன்னும் மனம் தயங்கும். ஆனால் நானே குளிக்கிறேன், நானே சமைக்கிறேன், தலையைப் பின்னிவிடச் சொல்லி மட்டும் இப்போதும் செல்வத்திடம்தான் உட்காருகிறேன். இதைப் படிப்பவர்களில் யாராவது வீட்டில் ஒருவரைப் பராமரிக்க ஆள் வைக்கப்போகிறீர்கள் என்றால், ஒன்று சொல்வேன். வருபவர் நல்லவரா என்று மட்டும் பார்க்காதீர்கள். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். உங்கள் கையில் இருக்கும் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள். ராணி எப்போதுமே நல்லவள்தான்.

போன மாதம் இருவரும் கடைசித் தடவையாக வந்தார்கள். சேவை முடிந்தால் கோப்பை மூடவேண்டும். அதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. மரியம் அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். சேவை ஏன் நின்றது என்ற கேள்விக்குக் கீழே கட்டங்கள். மருத்துவமனையில் சேர்ப்பு. பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றம். மரணம். மற்றவை.

"குணமாயிடுச்சுன்னு கட்டம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்ல," என்றார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இத்தன கோப்பு மூடியிருக்கேன். இந்தக் கேள்வி இப்பத்தான் வருது."

"மற்றவை"க்குப் பக்கத்தில் ஒரு கோடு இருந்தது. பராமரிப்பாளர்தான் எழுதவேண்டும் என்று பேனாவை ராணியிடம் கொடுத்தார். ராணி யோசித்தாள். பிறகு மாத்திரைக் கட்டங்களை நிரப்பும் அதே அழகான கையெழுத்தில், தமிழில், கோட்டையும் தாண்டி எழுதினாள். அக்காவுக்கு இனிமேல் நாங்கள் தேவையில்லை.

மரியம் அக்கா அதை இரண்டு தடவை படித்தார்.

"ஆபீஸ்ல தமிழ் படிக்க ஆள் இல்லையே," என்றார்.

"அப்ப படிச்சுச் சொல்ல ஒரு ஆள வைக்கட்டும்," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தோள்கள் குலுங்கின. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கவேண்டிய அளவுக்கு மரியம் அக்கா சிரித்தார். அப்படி அவர் சிரித்து ராணியும் பார்த்ததில்லையாம். சிரித்து முடித்ததும் அந்த வரிக்குக் கீழே தன் பெயரை எழுதி, என்னிடம் கோப்பை நகர்த்தினார். நானும் கையெழுத்துப் போட்டேன்.